ஏற்றத்தில் கார் வலு இழந்தால்: டீலரோடு நிற்காமல் தயாரிப்பாளரிடம் பொறுப்புக் கேட்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் பீனிக்ஸில் இருக்கும் ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டது இது. டர்பனில் ஒரு டீலரிடம் புது டீசல் கார் வாங்கியிருக்கிறார். நாலாவது மாதம், அம்மாவும் குழந்தையும் உள்ளே இருக்க, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்தில் திடீரென்று வலு போய்விட்டது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் கார் ஊர்ந்துதான் போனது, பின்னால் வரிசையாக லாரிகள். டீலர் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுக் கொடுத்தார். ஆறாவது மாதம் மறுபடியும் அதே கதை. 'சோதித்துப் பார்த்தோம், கோளாறு எதுவும் இல்லை' என்றார்கள். எட்டாவது மாதம் மூன்றாம் தடவை. இப்போது 'டீசல் சரியில்லை, ஆறு மாசமும் முடிந்துவிட்டது' என்கிறார்கள். தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவைக் கூப்பிட்டால் 'டீலரிடமே பேசுங்கள்' என்ற பதில். இதற்கு யார் பொறுப்பு, எங்கே போவது, வங்கித் தவணையை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்கிறார்.

தங்கச்சி, நீங்கள் பேசியதையும் அவர்கள் சொன்னதையும் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மூன்று தடவையும் 'கார் சரியாக ஓடவில்லை' என்றுதான் புகார் சொல்லியிருக்கிறீர்கள். அதை இன்றே மாற்றுங்கள். இது பாதுகாப்புக் கோளாறு. ஏற்றத்தில், லாரிகளுக்கு நடுவில், டிரைவர் கேட்கும் வலுவைக் கொடுக்க மறுக்கும் கார் ஆபத்தானது. இந்த வார்த்தையை எழுத்தில் போட்ட பிறகுதான் தயாரிப்பாளர் தரப்பில் உங்கள் கோப்பு வேறு மேசைக்குப் போகும்.

வார்த்தைக்கு அவ்வளவு முக்கியம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இக்னிஷன் சுவிட்ச் தளர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுபோகும் பிரச்சினை இருந்தது. இன்ஜின் நின்றதும் பவர் ஸ்டீயரிங் போகும், ஏர்பேக்கும் திறக்காது. நிறுவனத்துக்குள்ளேயே பல வருஷம் தெரிந்திருந்தும் அதைப் பாதுகாப்புக் குறையாக வகைப்படுத்தவில்லை, 'வாடிக்கையாளர் வசதி' சம்பந்தப்பட்ட விஷயம் என்று ஒதுக்கிவைத்தார்கள். 2014-ல்தான் திரும்ப அழைக்கத் தொடங்கினார்கள், சுமார் 26 லட்சம் கார்கள். 124 மரணங்களுக்கு அந்தச் சுவிட்சோடு தொடர்பு உண்டு என்று நிறுவனத்தின் நஷ்டஈட்டு நிதியே ஏற்றுக்கொண்டது. 2015-ல் அமெரிக்க அரசுக்கு 90 கோடி டாலர் கட்டினார்கள். வசதிக் குறை என்று ஒரு பெட்டியில் போட்டுவிட்டதால் இத்தனை காலம் போனது. புகாரையும் செய்த வேலையையும் பட்டறையில் எழுதும் உங்கள் ஜாப் கார்டில் இப்போது நடப்பதும் அதே வகைதான்.

இனி கோளாறைப் பார்ப்போம். வலு இழப்பில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, இன்ஜின் முழுதாக நின்றுபோவது. இன்னொன்று, இன்ஜின் ஓடும், ஆனால் இழுக்காது. உங்களுடையது இரண்டாவது. மெக்கானிக்குகள் இதை லிம்ப் மோட் என்பார்கள். காரின் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு சென்ஸாரிலிருந்து பொருந்தாத கணக்கைப் பார்த்ததும், இன்ஜின் கெட்டுவிடாமல் இருக்க வலுவைத் தானே குறைத்துவிடும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் குழாயில் கீறல், டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒட்டிக்கொள்வது, இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் குழாயில் (இதை 'ரயில்' என்பார்கள்) அழுத்தம் குறைவது, புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர் வால்வு அடைத்துக்கொள்வது, புகை வடிகட்டி நிரம்புவது, ஒரு வயர் இணைப்பு சூட்டில் விட்டு விட்டுத் தொடுவது என்று காரணம் பல. காரை ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் பல நேரம் எதுவும் நடக்காத மாதிரி ஓடும். பட்டறைக்கு வரும்போது நன்றாக இருப்பது இதனால்தான். சூடான இன்ஜின், முழு பாரம், நீண்ட ஏற்றம் மூன்றும் சேர்ந்தால் வரும் கோளாறு, சமதளத்தில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தால் வராது. 'கோளாறு எதுவும் இல்லை' என்று அவர்கள் எழுதியதற்கு, நாங்கள் சோதித்த நேரத்தில் வரவில்லை என்பதற்கு மேல் பொருள் இல்லை. டவுன் ஹில்லில் வந்த கோளாறை டவுன் ஹில்லில்தான் தேட வேண்டும். கண்டறியும் கருவியை மாட்டி, மெக்கானிக்கை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்து, அதே பாரத்தோடு அதே ஏற்றத்தில் ஓட்டிக் காட்டக் கேளுங்கள். மறுத்தால் மறுத்ததை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர் வலுவைக் குறைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோளாறுக் குறியீட்டைப் பதிவு செய்யும். பி0299 என்று இருந்தால் டர்போ அழுத்தம் போதவில்லை. பி0087 என்றால் எரிபொருள் ரயிலில் அழுத்தம் குறைந்திருக்கிறது. குறியீட்டோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவும் இருக்கும். கோளாறு விழுந்த அந்த நொடியில் வேகம் என்ன, இன்ஜின் சுற்று என்ன, சூடு என்ன, பாரம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. குறியீட்டை அழித்தால் இதுவும் போய்விடும். பல பட்டறைகளில் கார் உள்ளே வந்ததும் முதல் வேலையாக அழித்துவிட்டுத்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். உங்கள் விஷயத்திலும் அப்படி நடந்திருக்கலாம். மூன்று ஜாப் கார்டுகளையும், ஒவ்வொரு தடவையும் கருவியில் வந்த அறிக்கையின் பிரிண்டையும் எழுத்தில் கேளுங்கள். இனி ஒரு தடவை கோளாறு வந்தால், சாவியை அணைத்துப் போடும் ஆசையை அடக்கிக்கொண்டு, பத்திரமான இடத்தில் நிறுத்தி, முதலில் குறியீட்டைப் படியுங்கள். போனோடு ப்ளூடூத்தில் சேரும் சின்னக் கருவி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். திரையைப் படம் எடுங்கள். டாஷ்போர்டில் எரிந்த விளக்கு, ஓடிய கிலோமீட்டர், நேரம், இடம், வெளிச் சூடு, காரில் எத்தனை பேர், ஏசி போட்டிருந்ததா என்று எல்லாமே வேண்டும். படம் எடுப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை, ஓட்டுபவர் வேலை இல்லை.

டீசலைக் குறை சொல்வது இந்த நாட்டில் எல்லோருக்கும் சுலபமான பதில். டீசலில் பாரஃபின் கலப்படம் இங்கே இருக்கிற தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது அதைச் சொல்லும் டீலர். உங்கள் எதிரில் டேங்கிலிருந்து மாதிரி எடுத்து, முத்திரை போட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பினார்களா? இன்னொரு மாதிரியை உங்களிடம் கொடுத்தார்களா? எதுவும் இல்லாமல் 'டீசல்' என்று சொன்னால் அது வெறும் ஊகம். வேறு வேறு பெட்ரோல் பங்கில், மாதக் கணக்கில் இடைவெளி விட்டு டீசல் போட்டும் ஒரே ஏற்றத்தில் ஒரே மாதிரி வலு இழந்தால், கெட்ட டீசல் என்ற கதை நிற்காது. எரிபொருள் ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். 'உயரம் கூடினால் எல்லாக் காரும் அப்படித்தான்' என்றும் சொல்வார்கள். டர்போ இல்லாத இன்ஜினுக்கு அது உண்மை. 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோஹன்னஸ்பர்க்கில் அது சுமார் 17 சதவீத வலுவை இழக்கும். ஆனால் அது மெல்ல மெல்ல வருவது, ஒரு நொடியில் அறுந்து விழுவதில்லை. டர்போ கார் அந்தக் குறையை ஈடு செய்யவும் முயலும். டவுன் ஹில் அவ்வளவு உயரமும் இல்லை.

கோளாறு தலைகாட்டிவிட்டு மறைவது தயாரிப்பிலிருந்தே வரக்கூடும் என்பதற்கு நல்ல உதாரணம் டென்ஸோ நிறுவனத்தின் எரிபொருள் பம்ப். 2020-ல் டொயோட்டா உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது அதனால்தான். பம்புக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இம்பெல்லர் என்ற சுழலும் சக்கரம் எரிபொருளை உறிஞ்சி வடிவம் மாறி உரசும். இன்ஜின் தடுமாறும், சில நேரம் ஓடும்போதே நின்றுவிடும். ஒரு கார்க்காரர் தனியாகப் போய்ச் சொன்னால் நம்ப ஆள் இருக்காது. நிறையப் பேர் சொன்னபோது ஒரு பாகத்தின் பெயர் வெளியே வந்தது.

சரி, சட்டம். நமக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2008-ம் ஆண்டின் 68-வது சட்டம். 2011 மார்ச் 31 முதல் முழுதாக நடைமுறையில் உள்ளது. பிரிவு 55 நல்ல தரமான, பாதுகாப்பான, நியாயமான காலம் உழைக்கிற பொருளைப் பெறும் உரிமையைத் தருகிறது. பிரிவு 56 அதற்கு மேல் ஒரு வாரண்டியைத் தானாகவே சேர்க்கிறது. தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர், விநியோகஸ்தர், விற்ற டீலர் என்று சங்கிலியில் இருக்கும் எல்லோரும் அந்த வாரண்டியைக் கொடுத்தவர்களாகவே சட்டம் கருதுகிறது. 'டீலரிடமே பேசுங்கள்' என்று தயாரிப்பாளர் ஒதுங்குவதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. கடிதம் எழுதும்போது இரண்டு பேருக்கும் ஒரே கடிதமாக எழுதுங்கள்.

ஆறு மாத விஷயத்துக்கு வருவோம், உங்களை அதிகம் குழப்பியது அதுதான். கார் கையில் வந்து ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அவர்கள் செலவிலேயே திருப்பிக் கொடுத்து, பழுது பார்ப்பது, மாற்றுவது, பணத்தைத் திருப்பித் தருவது மூன்றில் எது வேண்டும் என்று சொல்லும் உரிமை உங்களுடையது. டீலருடையது இல்லை. நீங்கள் நாலாவது மாதத்தில் கொண்டுபோய் விட்டீர்கள். அவர்கள் பழுது பார்த்தார்கள். இங்கே பிரிவு 56-ன் மூன்றாம் உட்பிரிவு வருகிறது. பழுது பார்த்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்தக் கோளாறு தீராமல் இருந்தாலோ, புதிதாக இன்னொன்று தெரிந்தாலோ, காரை மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மறுபடியும் பழுது பார்க்கிறோம் என்ற வாய்ப்பு அந்த உட்பிரிவில் இல்லை. உங்களுக்கு ஆறாவது மாதத்தில் திரும்ப வந்தது. இன்றைக்கு எட்டாவது மாதம் ஆகிவிட்டதால் அந்த உரிமை போய்விடாது. அது எழுந்தது ஆறாவது மாதத்திலேயே.

அவர்கள் சொல்லப்போகும் மறுப்பும் எனக்குத் தெரியும். 'சாஃப்ட்வேர் அப்டேட் வழக்கமான பராமரிப்பு, பழுது பார்த்ததில்லை' என்பார்கள். அதனால்தான் முதல் ஜாப் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது இந்த விஷயத்தின் உயிர். 'வாடிக்கையாளர் புகார்: ஏற்றத்தில் வலு இல்லை, செய்தது: அப்டேட்' என்று இருந்தால் புகாருக்குப் பதிலாகச் செய்த வேலை அது, பழுது பார்த்ததுதான். புகாரே எழுதாமல் 'அப்டேட்' என்று மட்டும் இருந்தால், அந்த நாளில் நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, மின்னஞ்சல், காரை விடும்போது பேசிய அழைப்பின் பதிவு எதாவது தேடி எடுங்கள். அப்புறம், பட்டறையில் கழற்றிய பாகங்களை எடுத்து வைத்துச் சுத்தமான பெட்டியில் உங்களிடம் திருப்பித் தருவது பிரிவு 67-ன்படி அவர்கள் கடமை. வாரண்டியில் மாற்றினால் தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டும் என்பார்கள்; அப்படியானால் பாக எண்ணையும் அனுப்பிய தேதியையும் எழுதி வாங்குங்கள். பாகம் எதையாவது மாற்றினால் அதற்குக் குறைந்தது மூன்று மாத வாரண்டி பிரிவு 57-ல் உண்டு.

கடிதத்தில் கதவுப் பட்டை சத்தம், ரேடியோ தடுமாறுவது என்று மற்றக் குறைகளைச் சேர்க்காதீர்கள். 2021-ல் ஒரு கார் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், சின்னக் குறை ஒவ்வொன்றும் சட்டம் சொல்லும் குறைபாடு ஆகிவிடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பொருள் நியாயமாக எதிர்பார்க்கும் தரத்தில் இருந்து கீழே போயிருக்க வேண்டும், பயனோ பாதுகாப்போ குறைந்திருக்க வேண்டும். அந்த வழக்கில் வாங்கியவர் தோற்றார். நீங்கள் வலு இழப்பு ஒன்றையே பேசுங்கள். மூன்று தேதிகள், மூன்று இடங்கள், காருக்குள் யார் இருந்தார்கள், பின்னால் என்ன வந்தது, ஒவ்வொரு தடவையும் டீலர் என்ன செய்தார். பிறகு, பிரிவு 56(3)-ன்படி எனக்கு மாற்றுக் கார் வேண்டும் அல்லது பணம் வேண்டும் என்று, எது என்பதைத் தெளிவாக. பதிலுக்கு ஒரு தேதி கொடுங்கள். ஓட்டிய கிலோமீட்டருக்கு ஒரு தொகையைக் கழிக்கப் பார்ப்பார்கள். அந்தப் பிரிவு 'அபராதம் இல்லாமல்' திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறது என்பதை நினைவுபடுத்திவிட்டுப் பேரம் பேசுங்கள்.

அவர்கள் மறுத்தாலோ பதிலே இல்லாமல் இருந்தாலோ, புகார்களை விசாரிக்கும் நடுவரான தென்னாப்பிரிக்க மோட்டார் துறை ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். வாங்கியவருக்குச் செலவு இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் அங்கே உட்காருபவர்கள் காகிதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், காரை ஓட்டிப் பார்த்து இல்லை. அதனால் அங்கே போவதற்கு முன்னால், டீலரோடு சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் காரைக் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். ஏஏ-வின் (ஆட்டோமொபைல் அசோசியேஷன்) தொழில்நுட்பப் பரிசோதனை ஒரு வழி. நல்ல டீசல் நிபுணர் இருந்தால் இன்னும் நல்லது. வெளியாள் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். சந்தைப் போட்டி ஆணையத்தின் வாகனச் சந்தை வழிகாட்டுதல்கள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. தனிப் பட்டறையில் சர்வீஸ் செய்ததாலேயே வாரண்டியை ரத்து செய்யக்கூடாது என்பதுதான் அவற்றின் சாரம். பரிசோதனை மட்டும் செய்யச் சொல்லுங்கள். எதையும் கழற்ற வேண்டாம், குறியீட்டை அழிக்க வேண்டாம்.

ஒம்பட்ஸ்மன் உங்கள் ஒரு காரின் தகராறைப் பார்ப்பார். அதே மாடலில் மற்றவர்களுக்கும் இது நடக்கிறது என்றால் போக வேண்டிய இடம் தேசிய நுகர்வோர் ஆணையம். பொருள் ஆபத்தானது என்று நம்ப நியாயம் இருந்தால், பிரிவு 60-ன்படி தயாரிப்பாளரை விசாரணை நடத்தச் சொல்லவும் திரும்ப அழைக்கச் சொல்லவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஃபோர்டு கூகா 1.6 விஷயம் நாம் எல்லோரும் பார்த்தது. கார்கள் தீப்பிடித்து எரிந்தன, 2015 டிசம்பரில் ஓர் உயிர் காருக்குள் போனது. குளிர்விக்கும் தண்ணீர் சரியாகச் சுற்றாமல் சூடேறி, சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விட்டு, எண்ணெய் கசிந்து தீப்பிடித்தது என்று நிறுவனம் சொன்னது. 2017 ஜனவரியில்தான் 4,556 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2019-ல் ஆணையத்தோடு செய்த உடன்பாட்டில் 3.5 கோடி ரேண்ட் அபராதம் கட்டினார்கள். கார் எரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்து ஒன்றாகப் பேசாமல் இருந்திருந்தால் இது அந்த அளவுக்குப் போயிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். குடும்பங்கள் பட்ட பாட்டை நினைத்தால், ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது இன்றும் மனதுக்கு ஆறாத விஷயம்.

அதனால் உங்கள் மாடலை வைத்திருப்பவர்களைத் தேடுங்கள். கோவிலில், வேலை இடத்தில், சாட்ஸ்வொர்த், டோங்காட் பக்கம் யாரிடமாவது இருக்கும். வெளிநாட்டில் அதே இன்ஜினுக்குத் திரும்ப அழைப்பு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வந்திருந்தால் உங்கள் வாகன அடையாள எண்ணோடு அதைத் தயாரிப்பாளருக்கு அனுப்பி, 'என் கார் இதில் சேருமா, சேராது என்றால் ஏன்' என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். பொதுவில் எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள். 'ஏமாற்றுக்காரர்கள்' போன்ற வார்த்தை வேண்டாம், அவதூறு வழக்கு என்று திசை திருப்ப அவர்களுக்கு அது போதும்.

கடவுள் காப்பாற்றட்டும், இதனால் விபத்து ஆகி யாருக்காவது அடிபட்டால் நிலைமை வேறு. அப்போது பிரிவு 61. குறையுள்ள பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால், அலட்சியத்தை நிரூபிக்காமலே தயாரிப்பாளர், இறக்குமதியாளர், விநியோகஸ்தர், விற்றவர் எல்லோரிடமும் பொறுப்புக் கேட்கலாம். மூன்று வருஷக் காலவரம்பு உண்டு. அந்த நிலையில் காரை ஸ்கிராப்புக்கு விட்டுவிடாதீர்கள், வக்கீலிடம் போங்கள்.

அது நடக்காமல் இருக்க, தீர்வு வரும்வரை இந்தக் காரில் குழந்தையை ஏற்றிக்கொண்டு என்3 நெடுஞ்சாலையில் போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும், வலு போகிறது என்றால், உடனே ஹசார்ட் விளக்கு, இடது மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒதுங்குவது. இன்ஜினே நின்றுவிட்டால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். பிரேக்குக்கு இன்ஜின் தரும் உதவி அழுத்தம் ஓரிரு மிதிக்குத்தான் இருக்கும், ஒரே பிடியாக அழுத்துங்கள். ஓடும்போது சாவியைக் கடைசி வரை திருப்பாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம். நின்றதும் எல்லோரும் இடதுபக்கக் கதவு வழியாக இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது 45 மீட்டர் பின்னால் வையுங்கள்; ஏற்றத்தில் லாரிகள் வரும் வேகத்துக்கு அதைவிடத் தள்ளி வைத்தால் நல்லது.

தவணையை நிறுத்த வேண்டாம். கடைசித் தவணை கட்டும்வரை கார் வங்கியின் பெயரில்தான் இருக்கிறது. டீலரோடு தகராறு இருக்கிறது என்பதற்காகக் கட்டாமல் விட்டால் வங்கி காரையும் எடுக்கும், உங்கள் கடன் வரலாறும் கெடும், அதற்கப்புறம் திருப்பிக் கொடுக்க உங்கள் கையில் காரே இருக்காது. அதற்குப் பதிலாக டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் அனுப்பும் கடிதத்தின் நகலை வங்கிக்கும் அனுப்புங்கள். பணம் திரும்பி வந்தால் முதலில் வங்கியின் பாக்கிதான் அடைபடும். அந்தக் கணக்கை எப்படி முடிப்பார்கள், காரோடு சேர்த்துக் கடனில் போட்ட காப்பீட்டுத் தொகை என்ன ஆகும் என்று இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.